கழற்றக் கூடாத சப்பாத்து

என் மகளுக்கு முதன்முதலாகச் சப்பாத்து மாட்டியபோது அவள் அழவேயில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் உயரமான ஒரு மேசைமேல் உட்காரவைத்து, தாதி நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினாள். பத்து மாதப் பிள்ளை குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முரட்டுக் கறுப்புத் தோல், கணுக்காலுக்கு மேல் வரைக்கும் ஏறி நிற்கிற சப்பாத்து, அடித்தோலுக்குள் இரும்புத் தகடு வேறு. தூக்கிப் பார்த்தேன், பிள்ளையின் பாதி கனம் காலில்தான் இருந்தது. "ஹொந்த லமயா" என்றாள் தாதி. நல்ல பிள்ளையாம்.

நல்ல பிள்ளையின் லட்சணம் ரயிலில் தெரிந்தது. பேராதெனியில் வண்டி மாறி உட்கார்ந்ததிலிருந்து தலவாக்கலை வரைக்கும் வீறிட்டு வீறிட்டுக் கத்தினாள். எதிரே இருந்த சிங்கள அம்மா வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். பழம் ஜன்னல் வழியாகப் போயிற்று. நாவலப்பிட்டியில் ஏறிய துணிக்கடை பாய் ஒருவர், "ஏம்மா, புள்ள கால்ல எதக் கட்டி வச்சிருக்கீங்க? கழட்டி விட்டாத் தூங்கிரும்ல" என்றார். கழற்றக் கூடாதுங்க என்றேன். "பாவமில்லையாம்மா?" என்றார். பாவம்தான், எனக்குத் தெரியாதா? பெற்றவளுக்குச் சொல்லித்தர வந்துவிட்டார் என்று ஆத்திரமாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெட்டியில் இருந்த எல்லோரும் நல்ல ஜனங்கள். எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கழற்றிவிடு என்றார்கள்.

என்னால் முடியாது. டாக்டர் சொன்னதைத் தமிழ் தெரிந்த ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் எனக்குத் திருப்பிச் சொல்லியிருந்தார். "ராவும் பகலும் போட்டிருக்கணும். குளிப்பாட்டுற நேரம் மட்டும் கழட்டலாம். புள்ள நடந்து, காலு நெலைச்சு நிக்கிற வரைக்கும் விடவே கூடாது. விட்டீங்கன்னா பழையபடி திரும்பிக்கும். அப்புறம் கத்திதான் வைக்கணும். அதுலயும் நேராகுமான்னு சொல்ல முடியாதுங்க."

என் மகள் பிறந்தபோது உள்ளங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மடங்கியிருந்தன. மருத்துவச்சி காலைத் துணியால் மூடினாள். மறுநாள் காலையில் எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. கூடவே காரணமும் போயிற்று. நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது கிரகணத்தில் கத்தி எடுத்து விறகு வெட்டினேனாம். எந்தக் கிரகணம்? எங்கள் தோட்டத்தில் சூரியன் முகம் காட்டுவதே அபூர்வம், அதையும் கிரகணம் வந்து பிடித்ததாம், அதை இவர்கள் பார்த்தார்களாம்! நான் சண்டை போட்டேன். சண்டை போட்டதால் இன்னும் உறுதியாகிவிட்டது.

எனக்காகப் பேச வீட்டில் ஆள் இல்லை. நான் மாசமாக இருந்தபோதே என் வீட்டுக்காரர், அம்மாவுக்குச் சுகமில்லை என்று திருச்சிப் பக்கம் ஊருக்குப் போனார். போய்வர பாஸ்போர்ட்டு, விசா என்றெல்லாம் புதிதாகக் கெடுபிடி வந்திருந்த காலம் அது. போக விட்டார்கள், திரும்ப விடவில்லை. இந்த மாதம் கிடைத்துவிடும், அடுத்த மாதம் கிடைத்துவிடும் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இழுக்காமல் சொல்லிவிடுகிறேன், அவர் வரவேயில்லை. ஆனால் நான் சொல்லும் இந்தக் காலத்தில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது, "அங்க வெயிலு கொளுத்தும், இது எதுக்கு?" என்று தன் கம்பளி ஜெர்சியை எங்கள் ஒற்றையறைக் காம்பராச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அது அங்கேயே தொங்கிற்று.

நான் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அம்மா இல்லை. அண்ணன் ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பேசாம அங்க வந்துருடி" என்றான். பக்கத்தில் நின்ற அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். போகவில்லை. எனக்கு யாருமில்லை என்று அடிக்கடி தோன்றும். தோன்றுவது என்ன, இல்லைதான்.

சப்பாத்தோடு வந்து இறங்கிய மறுநாளே லயத்தில் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றால், "ஏய், வழி விடுங்கடி, தொரைசானியோட ஆத்தா வர்றா" என்பாள் ஒருத்தி. "எங்க வீட்டுப் பெரியவருக்கே செருப்பு இல்ல, இதுக்குப் பாரேன், சப்பாத்து!" என்பாள் இன்னொருத்தி. முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஒருத்திகூட, கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எல்லோரும் சப்பாத்தைத்தான் பார்த்தார்கள்.

பிள்ளைக்கும் எனக்கும் நடந்த சண்டை வேறு. முதல் வாரம் அவள் கட்டை போலக் கிடந்தாள். அதற்கு முன்னால் காலில் மாவுக்கட்டு இருந்தபோதுகூடப் புரண்டு படுத்து, கையை ஊன்றித் தலையைத் தூக்கி விளையாடியவள். சப்பாத்து ஏறியதும் மல்லாந்து கிடந்து கூரைத் தகரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் காலைத் தூக்கிப் பார்த்தாள். தொப்பென்று போட்டாள். சத்தம் கேட்டது. திரும்பத் தூக்கினாள், திரும்பப் போட்டாள். அன்று பிடித்ததுதான், பக்கத்துக் காம்பராக்காரி சுவரைத் தட்டி, "ஏன்டி, உள்ள என்ன, உரல்ல நெல்லா குத்துற?" என்று கத்துகிற வரைக்கும் விடவில்லை. எனக்கானால் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று அது சொல்லிற்று.

நாடாவைச் சப்பினாள். சப்பாத்தின் மூக்கைக் கடித்தாள். இழுத்துப் பிடுங்கப் பார்த்து, முடியாமல், என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நாந்தான் கட்டினேன், என்னடி பண்ணுவ? அடிப்பியா? அடி" என்று கன்னத்தைக் காட்டினேன். நிஜமாகவே அடித்தாள். திமிரைப் பாருங்கள்.

தோல் உரசிக் குதிகாலில் கொப்புளம் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், கேட்கவில்லை. உள்ளே மெத்தென்று கம்பளி ஏதாவது போட்டுப் பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கம்பளிக்கு நான் எங்கே போவேன்? ஆணியில் தொங்கியதைப் பார்த்தேன். அவர் வந்ததும் இதைத்தானே முதலில் கேட்பார், இந்தக் குளிரில் என்ன போட்டுக்கொள்வார் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கத்தரிக்கோலை எடுத்து ஜெர்சியின் ஒரு கையை வெட்டினேன். முகத்தில் வைத்துப் பார்த்தேன். பீடி வாசமும் தேயிலைத் தூள் வாசமும் இன்னும் போகவில்லை. வாய்விட்டு அழுதேன். பிறகு அதைப் பாதியாக மடித்துத் தைத்து, அப்பன் கையைப் பிள்ளையின் காலுக்கு மாட்டினேன். அது கிழிந்ததும் அடுத்த கையையும் வெட்டினேன்.

கொப்புளம் ஆறியது. பிள்ளை தவழ ஆரம்பித்தாள். முழங்காலை ஊன்றிச் சப்பாத்தின் மூக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு, சரட் சரட் என்று போவாள். சாயங்காலம் வேலை முடிந்து பிள்ளைக் காம்பராவிலிருந்து அவளைத் தூக்கி வந்ததும் சப்பாத்தைத் துடைப்பது என் வேலை. மூக்கு இரண்டும் சிவந்திருக்கும். எங்கள் வீடு சாணி மெழுகிய தரை. பிள்ளைக் காம்பராவில்தான் சிமெண்டுத் தரை, சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் பகலில் அவள் எவ்வளவு தூரம் திரிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் இல்லாத பொழுதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். காலையில் விடுவோம். பத்து மணித் தேத்தண்ணி நேரத்திலும் மத்தியானமும் ஓடிவந்து பால் கொடுப்போம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளை ஆயா என்று எல்லோரும் சொல்வார்கள். நாற்பது வயதுகூட இருக்காது, புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. சுத்தக்காரி. கோவிலில் விளக்கு வைக்காமல் வாயில் தண்ணீர் ஊற்றாதவள். நான் அவளை அக்கா என்பேன். சப்பாத்தைப் பற்றி டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் அவளிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். "சரி புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் சப்பாத்தின் மூக்கில் சிவப்புக் குறைந்தது. பிள்ளைக்கு உடம்பு முடியவில்லையோ என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் காலைக் காட்டப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிறவரை டாக்கட்டரய்யா என்போம். இடது காலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கழட்டி வைக்கிறியா?" என்றார்.

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. காலு திரும்புது, பாரு. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா நீ கண்டிக்குத் தூக்கிட்டுப் போறதே வீண்."

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். உள்பக்கமாகப் பாதம் லேசாக மடங்கிக்கொண்டு வந்தது. நான் குளிப்பாட்டும் நேரம் தவிரத் தொட்டதில்லை என்று சத்தியம் பண்ணினேன். "அப்ப சப்பாத்து தானாக் கழண்டு போவுதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையிலேயே பேய் மழை பிடித்துக்கொண்டது. மலையில் நிற்க முடியவில்லை. கங்காணி எங்களைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒதுங்கச் சொன்னார். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நான் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். சொட்டச் சொட்ட உள்ளே போனால், பாயில் என் மகள் வெறுங்காலோடு உட்கார்ந்து பெருவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். சப்பாத்து, மேலே பால்மா டின்களுக்குப் பின்னால் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது.

"அக்கா!" என்று நான் கத்திய கத்தலில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன.

"கத்தாதடி. தொரை வந்துட்டாருன்னா?"

"தொரை வந்தா என்ன?"

ஆயா என்னை அதிசயமாகப் பார்த்தாள். "என்னவா? தொரை முன்னால சப்பாத்துப் போட்டுக்கிட்டா? நம்ம சனமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. துரை பாதையில் வந்தால் நாங்கள் ஓரமாக இறங்கி நிற்க வேண்டும். குடையை மடக்க வேண்டும், ஆம்பிளைகள் தலைப்பாகையை எடுக்க வேண்டும், செருப்பு இருந்தால் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெரிய துரை எப்போது நினைக்கிறாரோ அப்போது பிள்ளைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அப்படி அவர் கார்ச் சத்தம் கேட்டு, ஆயா பதறிப்போய் என் மகளின் சப்பாத்தை அவிழ்த்து ஒளித்திருக்கிறாள். பிறகு அவர் எப்போது வருவார் என்று தெரியாததால், காலையில் என் தலை மறைந்ததும் கழற்றிவிடுவாள். நான் பால் கொடுக்க வருவதற்கு முன்னால் மாட்டிவிடுவாள்.

"கைப்புள்ளக்கா அது! அதுக்குத் தொரை தெரியுமா, மண்ணாங்கட்டி தெரியுமா?"

"ஒனக்குத் தெரியாது புள்ள. எம் புருஷன் கால்ல புண்ணுன்னு செருப்பப் போட்டுக்கிட்டு, நாங்க முந்தி இருந்த தோட்டத்துத் தொரை எதிர்ல போயிட்டாரு. மறுநா பத்துச்சீட்டுக் குடுத்து வெளியேத்திட்டாங்க. வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல. தோட்டந் தோட்டமா அலைஞ்சு, அந்த மனுஷன் ரோட்டோரத்துலதான் செத்தாரு." சொல்லும்போதே அவள் கை சப்பாத்தை எடுத்து என்னிடம் நீட்டியது. "ஒனக்கு நல்லது நெனச்சுத்தான்டி செஞ்சேன். சீட்டுக் குடுத்துட்டா ஒத்தையில எங்க போவ, இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் மயிரைப் பிடித்திருப்பேன். இவளை என்ன செய்வது? பிள்ளைக்குச் சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினேன். பழகிய கால் என்பதால் அவளே நீட்டினாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இனிமே கழட்டாத" என்றேன். "தொரை வாயால சொன்னா கழட்டாம விட்டுருவேன். நீ சொல்றத மட்டும் நம்பி விட முடியாது புள்ள" என்றாள் ஆயா.

சரி, துரையிடமே கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். வேறு வழியில்லை. வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது.

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் துரை ஜனங்களின் குறைகளைக் கேட்பார். கங்காணியிடம் சொன்னேன். "சப்பாத்துக்கெல்லாம் தொரைகிட்டப் போவியா? ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்றார். நான் போனேன். கூட வா என்று இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்திக்கு அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, ஒருத்திக்குத் தலைவலி. தனியாகத்தான் போனேன்.

வாசலில் வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். என் இடுப்பில் உட்கார்ந்திருந்தவளோ சப்பாத்துக் காலால் என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தாள். என்னைச் சுற்றி இடம் விட்டு விலகினார்கள். கிளாக்கரய்யா வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன இது? தொரை வர்ற நேரம். கழட்டு அத" என்றார்.

"இது சப்பாத்து இல்லீங்கய்யா, மருந்து."

"என்ன எழவோ. கழட்டுன்னா கழட்டு."

நான் கழற்றவில்லை. காதில் விழாத மாதிரி நின்றேன். அவர் இன்னொரு முறை வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நாய் வந்தது, நாயின் பின்னால் பெரிய துரை வந்தார். என் முறை வந்ததும் பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"இது என்னா?" என்றார், தோட்டத்துத் தமிழில்.

சொன்னேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கால், கண்டி ஆஸ்பத்திரி, கழற்றினால் திரும்பிக்கொள்ளும் என்று என்னவோ உளறினேன். அவர் குனிந்து, சப்பாத்தின் மூக்கை விரலால் தட்டிப் பார்த்தார். பிள்ளை காலை உதறினாள். அவர் கையில் பட்டது. பின்னால் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"யாரு களட்டினது?" என்றார் துரை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிளாக்கரய்யா பேனாவைத் திறந்தார். ஆயா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என் பிள்ளையின் கால் அவளால்தான் மடங்கிற்று. சொல்லியிருக்கலாம். ரோட்டோரத்தில் செத்த அந்த மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவர்தான் குறுக்கே வந்து நின்றார்.

"யாரும் கழட்டலீங்க தொரை. தொரை ஒரு வார்த்த சொல்லணும்னு வந்தேனுங்க."

"போடு. எப்பவும் போடு" என்றார். கிளாக்கரய்யாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்த இடத்திலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவர் கழற்றச் சொல்லவேயில்லை. இப்படி ஒரு சப்பாத்து இருந்ததே இன்றைக்கு வரைக்கும் இந்த மனுஷனுக்குத் தெரியாது. இவர் நினைத்தும் பார்க்காத ஒன்றுக்குப் பயந்து என் பிள்ளையின் கால் திரும்பப் பார்த்ததே! கும்பிட்டுவிட்டு வந்தேன். பாதையில் ஒரு திருப்பம் தாண்டி, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, உட்கார்ந்து அழுதேன். பிள்ளை என் கண்ணீரைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள்.

அதன் பிறகு லயத்தில் என்னைக் கேலி செய்வது நின்றது. பேச்சும் நின்றது. துரைக்கு முன்னால் சப்பாத்தோடு போய் நின்றவள், இவளிடம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று நினைத்திருப்பார்கள். கேலி இருந்தபோதாவது யாராவது ஏதாவது சொல்வார்கள். இப்போது பீலிக்கரைக்கு நான் போனால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் பேசுவேன். அவளுக்குத் தெரிந்த பதில் சப்பாத்தைத் தரையில் போட்டு அடிப்பது.

ஆயாவும் என்னிடம் பேசவில்லை. காலையில் நான் பிள்ளையை நீட்டுவேன், அவள் வாங்குவாள். ஆனால் நாடாவின் முடிச்சு நான் கட்டியபடியே மாலையிலும் இருந்தது. சப்பாத்தின் மூக்கு மறுபடி சிவந்தது. டாக்கட்டரய்யா காலைப் பார்த்துவிட்டு, "ம், இப்ப பரவால்ல" என்றார். ஒரு நாள் பெரிய துரை பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாராம். என் மகள் சப்பாத்தோடு சரட் சரட்டென்று அவருக்கு எதிரிலேயே தவழ்ந்து போனாளாம். ஆயா கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டாளாம். மற்றப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஆயா என்னிடம் சொல்லவில்லை.

அவள் பிறந்த சமயத்தில் பிறந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடித் திரிந்தார்கள். என் மகள் மட்டும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள், கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலங்களில் நிற்கவைத்துப் பார்ப்பேன். வாடி, வாடி என்று கெஞ்சுவேன். பகல் முழுக்க விளையாடிய களைப்பில் என் மடியைப் பார்த்து ஊர்ந்து வருவாள். அவர் கடிதத்தில் கேட்டிருந்தார், பிள்ளை நடக்கிறாளா என்று. நடந்ததும் எழுதுகிறேன் என்று எழுதினேன். அவள் எடுத்துவைக்கும் முதல் அடியைப் பார்க்க வேண்டும், பார்த்து அதை அப்படியே அவருக்கு எழுத வேண்டும். எனக்கு அந்த வருஷம் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் வழக்கம் போலச் சப்பாத்தைத் துடைக்க எடுத்தேன். மூக்கு சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நான் எப்போதும் மூக்கை மட்டும்தான் துடைப்பேன். அடிப்பாகம் குதியிலிருந்து நுனி வரைக்கும் சிவப்பு அப்பியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. ஒரு நாள் சிவப்பு இல்லை அது. தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏறியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் சந்தோஷம் வரவில்லை. இத்தனை பாடும் நான் பட்டு, அந்த ஓர் அடியைப் பார்க்காமல் எந்த மலையிலோ நின்று எவருக்கோ கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன் என்று நெஞ்சு எரிந்தது. பிள்ளை தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பால் கொடுக்க இறங்கி வந்தபோது ஆயா வாசலில் நின்று கையை ஆட்டினாள். ஆபீஸ் விவகாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "ஏ புள்ள, ஓடியா! ஒம் மக நிக்கிறா. எட்டு வைக்கப் போறா போலருக்கு, ஓடியாடி!"

கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தொட்டில் கட்டும் தூண் ஓரமாக என் மகள் நின்றாள். ஆயா அவள் முதுகைத் தொட்டு, "போ, அம்மாகிட்டப் போ" என்றாள். பிள்ளை நடந்தாள். டொக், டொக், டொக் என்று தள்ளாடாமல், எதையும் பிடிக்காமல், வழியில் கிடந்த ஒரு கிலுகிலுப்பையைக் கவனமாகச் சுற்றிக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்தாள். முதல் அடி வைக்கிற பிள்ளை எங்காவது இப்படிச் சுற்றிக்கொண்டு வருமா? மற்றத் தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆயா அவர்களுக்கு முன்னமே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

நான் ஆயாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இப்பத்தான்டி. இதுக்கு முன்னால ஒரு எட்டு வச்சதில்ல. மாரியாத்தா மேல சத்தியமா, நீதான் மொதல்ல பாக்குற."

விளக்கு வைக்காமல் வாயில் தண்ணீர் ஊற்றாதவள், எனக்காக ஆத்தாள் மேல் பொய்ச் சத்தியம் பண்ணினாள்.

"ஆமாக்கா" என்றேன். "மொத எட்டு."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உம் மகள் நடக்கிறாள் என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. எழுந்து அவளைச் சுவரோரமாக நிற்கவைத்துவிட்டு வாசல் பக்கம் போய்க் குந்திக்கொண்டு கூப்பிட்டேன். டொக் டொக்கென்று வந்தாள். அணைத்துக்கொண்டேன். திரும்ப நடக்க வேண்டுமே, யாரிடம் போவாள்? நடை பழகும் பிள்ளைக்கு இந்தப் பக்கம் விட ஓர் ஆள் வேண்டும், அந்தப் பக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் ஒருத்தி அங்கும் இங்குமாக எத்தனை தரம் ஓடுவது?

ஆணியிலிருந்த ஜெர்சியை எடுத்து, எதிர்ச் சுவரில் அவளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு முளையில் மாட்டினேன். திரும்பி வந்து பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

"போ" என்றேன். "அப்பாகிட்டப் போ."

போனாள். கையில்லாத அந்த ஜெர்சியின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரியாக வந்துவிட்டேனா என்று கேட்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.